குடும்ப வண்டியும் கோராமைக் கழிவும்

மோட்டார் வண்டி வைத்திருத்தல் ஒரு காலத்திலே நம்மூரில் வைத்தியருக்கும் அப்புக்காத்துமாருக்கும் வாய்த்த வசதியாக இருந்தது. ஏனையோர் கலியாணத்துக்கும் காரியத்துக்கும் நெல்லியடிப் பக்கம் சென்று, ஒஸ்டின் ஏ40 அல்லது மொறிஸ் மைனர் வாடகைக் கார் ஒன்றைப் பேசி வருவர். இன்று அந்நிலை மாறிவிட்டது. கரவெட்டி ஒழுங்கைகளிலே படலைக்குள் ஒரு வண்டி நிற்கும் வீடுகள் பல. இரண்டு நிற்கும் வீடுகளும் உள. ஆயினும், வண்டி பெருகிய அளவுக்கு வண்டியைப் பற்றிய கணக்கறிவு பெருகியதாகக் கூறுதற்கில்லை. ஒரே வண்டியைக் காலையிலே தந்தையாரும், பாடசாலை நேரத்திலே மகளும், மாலையிலே மகனும் ஓட்டுகின்றனர். அவ்வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கின்றது, அப்பெயரினால் யாருக்கு எந்நன்மை வளர்கின்றது என்பதை வீட்டார் ஒருவரும் ஒருகாலேனும் எண்ணிப் பார்த்திரார்.

அந்நன்மைகளுள் தலையாயது, நட்டஈடு கோராது கழிந்த ஆண்டுகளை முன்னிட்டுக் கட்டுப்பணத்திலே குறைத்துத் தரப்படும் தொகையாகும். இதனை 'நோ கிளெயிம் போனஸ்' என்று காப்புறுதிக் கம்பனியாரும் பொதுமக்களும் ஒருங்கே வழங்குவர். இக்கட்டுரையில் அதனைக் கோராமைக் கழிவு என்போம். வீட்டு வண்டியைப் பலர் பகிர்ந்து ஓட்டுமிடத்து, பல்லாண்டு முயன்று பெற்ற இக்கழிவை இழந்துவிடாது காத்துக்கொள்ளுதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

காப்புறுதியின் இருவகை

இலங்கையிலே பொதுவீதியில் மோட்டார் வண்டியைச் செலுத்துதற்குக் காப்புறுதி இன்றியமையாதது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. எனினும் சட்டம் வற்புறுத்துவது மூன்றாந் திறத்தார் காப்புறுதி ஒன்றையே. நம் வண்டியினாற் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் ஈடு செய்வது அது. நம்முடைய வண்டி மதிலில் மோதி முகம் நசுங்கினால், அதனைத் திருத்த அக்காப்புறுதி ஒரு சதமேனும் தராது. பிறருக்கு நேரும் தீங்கோடு நம் வண்டிக்கு நேரும் சேதம், தீ, களவு ஆகியவற்றையும் ஏற்பது முழுமைக் காப்புறுதி. கோராமைக் கழிவு சிறப்பாகப் பொருள் பெறுவது இவ்விரண்டாம் வகையிலேயே. இந்தியாவில், கட்டுப்பணத்தின் இரு கூறுகளுள், சொந்த வண்டிச் சேதத்துக்குரிய கூற்றிலே மாத்திரம் இக்கழிவு கொடுக்கப்படுகின்றது. பிறர்க்குரிய பொறுப்புக் கூற்றில் அது கிடையாது.

கம்பனியார் இக்கழிவைத் தருதல் ஏன்? காரணம் இரண்டு. ஆண்டுக்கணக்காக விபத்தின்றி ஓட்டியவர் மேலும் அவ்வாறே ஓட்டுவார் என எதிர்பார்க்க இடமுண்டு. அவரால் வரும் செலவு குறைவு. ஆதலின் அவரிடம் வாங்கும் பணமும் குறைதல் நியாயம். இஃது யாவரும் அறிந்த காரணம். பலர் அறியாத காரணம் மற்றொன்று. கண்ணாடி உடைந்தது, கதவிற் கீறல் விழுந்தது என்றாற்போலும் சிறு கோரிக்கைகள் கம்பனிக்குப் பெருந் தொல்லை. ஆளை அனுப்பிப் பார்வையிடுதலும், படம் எடுத்தலும், கடிதம் எழுதுதலும் சில வேளைகளிற் சேதத்தின் பெறுமதிக்கு மேலாகச் செலவு வைக்கும். கழிவு போய்விடுமே என்னும் அச்சம் அத்தகைய கோரிக்கைகளை வராமலே தடுக்கின்றது. ஆகவே கோராமைக் கழிவு நல்லோட்டத்துக்குப் பரிசாவதோடு, சிறு கோரிக்கைகளைத் தடுக்கும் அணையாகவும் அமைகின்றது. இவ்விரண்டாம் நோக்கத்தை மனத்திற் கொண்டால், பின்வருங் கணக்குத் தெளிவாக விளங்கும்.

கழிவு ஏறுதலும் இறங்குதலும்

இலங்கையிலே கழிவின் அளவும் அது வளரும் வேகமும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆதலால் எல்லார்க்கும் பொருந்தும் அட்டவணை ஒன்றை இங்கே தர இயலாது. முறையை விளக்குதற்கு இந்தியாவில் வழங்கும் ஏணியை எடுத்துக்கொள்வோம். அங்கே கோரிக்கையின்றி ஓராண்டு கழிந்தால் நூற்றுக்கு 20 வீதம்; ஈராண்டு கழிந்தால் 25; மூவாண்டு கழிந்தால் 35; நான்காண்டு கழிந்தால் 45; ஐந்தாண்டு கழிந்தால் 50. அதற்கு மேற் படியில்லை. இவ்வேணியில் ஏறுதல் ஐந்தாண்டு வேலை. இறங்குதலோ ஒரு நாள் வேலை. ஒரு கோரிக்கை செய்தவுடன் அடுத்த புதுப்பித்தலிற் கழிவு முற்றாக அற்றுப்போய், மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து தொடங்குகின்றது. வேறு நாடுகளில் முழுவதும் விழாமல் இரண்டொரு படி மாத்திரம் இறக்குவாரும் உளர்.

பிரான்சு நாட்டின் முறை சிறிது வேறானது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குணகம் உண்டு. தொடக்கத்தில் அது 1.00. விபத்தில்லாத ஆண்டு ஒவ்வொன்றின் முடிவிலும் அதனை 0.95ஆற் பெருக்குவர். 13 ஆண்டுகளில் அது 0.50க்கு இறங்கி அங்கே நிற்கும். அந்நிலையில் ஒருவர் பாதிக் கட்டுப்பணமே செலுத்துவர். தம்முடைய பிழையால் விபத்து நேர்ந்தால் குணகம் 1.25ஆற் பெருக்கப்படும், அது 3.50 வரையும் ஏறலாம். பிழை பிறருடையதாயிற் குணகம் ஏறாது. பிரித்தானியாவிலோ நிலைமை வேறு. அங்கே கழிவு குறைவதற்குப் பிழை நம்முடையதாக இருக்கவேண்டுமென்பதில்லை. நம் கம்பனி கொடுத்த பணத்தை மறுபக்கத்தாரிடமிருந்து மீளப் பெற முடியாவிடின், குற்றமற்றவருடைய கழிவும் குறையலாம். 'கோராமை' என்னும் சொல்லை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். கம்பனி எண்ணுவது பிழை செய்யாமையை அன்று, பணம் கோராமையையே.

கழிவு யாருடையது?

இனி, இக்கட்டுரையின் மையமான வினாவுக்கு வருவோம். கழிவு வண்டியைச் சேர்ந்ததா? வீட்டைச் சேர்ந்ததா? ஓட்டுபவரைச் சேர்ந்ததா?

பொதுவிதி யாதெனின், கழிவு காப்புறுதிப் பத்திரத்திற் காப்புறுதியாளர் எனப் பெயர் குறிக்கப்பட்டவரைச் சேர்ந்தது என்பதாம். வண்டியை விற்றால் அது வாங்கியவரோடு போவதில்லை, விற்றவரிடமே நிற்கும். அவர் புதிய வண்டி வாங்கும்போது அதற்கு அதனை மாற்றிக்கொள்ளலாம். ஆதலின் 'கழிவோடு கூடிய வண்டி' என்று சொல்லி விலை உயர்த்திக் கேட்பாருடைய பேச்சை நம்புதல் தகாது.

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்கத் தேசவழமையைக் காட்டிலும் ஏற்ற உவமை இல்லை. பெற்றோர் வழியாக வந்தது முதுசம். மகளுக்குக் கொடுத்தது சீதனம். இல்வாழ்க்கையிலே ஈட்டியது தேடியதேட்டம். தேடியதேட்டத்திலே ஒருவர் இறந்தாற் பாதி மற்றவர்க்குச் சேரும் என்பதை நம்மவர் நன்கறிவர். வண்டியும் இப்பகுப்புக்குள் அடங்கும் பொருளே. ஆனால் அவ்வண்டியை வைத்து ஈட்டிய கழிவு இப்பகுப்பு எதற்குள்ளும் அடங்காது. அது முதுசமாகத் தானே இறங்குவதில்லை. சீதனமாக எழுதிக் கொடுக்கக் கூடியதன்று. கணவன் பெயரில் வளர்ந்ததிலே மனைவிக்கு உரிமையாற் பாதி கிடைப்பதுமில்லை. அஃது ஒப்பந்தத்தின் பாற்பட்டது. ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுவே அதற்குச் சட்டம்.

இதனோடு சேர்த்து அறியவேண்டிய விதி மற்றொன்று. ஒரு கழிவை ஒரு காலத்தில் ஒரு வண்டிக்கே பொதுவாகப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு இரண்டாவது வண்டி வந்தால், முதல் வண்டிக்குப் பெற்ற ஐம்பது வீதத்தை இரண்டுக்கும் விரித்துக்கொள்ள முடியாது. இரண்டாவது வண்டி ஏணியின் அடிப்படியிலிருந்தே தொடங்கும். சில கம்பனிகள் பழைய வாடிக்கையாளரைக் கருதிச் சலுகை செய்வதுண்டு. அது தயவே அன்றி உரிமையன்று.

பகிர்ந்து ஓட்டும் வீடு

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். வண்டியும் காப்புறுதியும் அவர் பெயரில். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் ஒன்றும் கோரியதில்லை. ஆதலாற் கழிவின் மேற்படியில் நிற்கின்றார். கண்பார்வை குன்றியமையால் ஆறாண்டுகளாக அவர் ஓட்டுவதில்லை. ஓட்டுபவள் மகள். பாடசாலைக்கும் கடைக்கும் செல்பவளும், தாயாரை மந்திகை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்பவளும் அவளே. ஆறாண்டிலும் வண்டியில் ஒரு கீறல் இல்லை.

இவ்வீட்டிலே மூன்று செய்திகள் ஒளிந்து கிடக்கின்றன. ஒன்று: மகள் நாளை ஒரு மதிலில் மோதி நட்டஈடு கோரினால், குறைவது தந்தையாரின் கழிவு. யார் ஓட்டினாலும் கோரிக்கை பத்திரக்காரர் கணக்கிலேயே ஏறும். இரண்டு: மகளின் ஆறாண்டு அவதானமும் தந்தையாரின் பெயரிலேயே எழுதப்பட்டு வருகின்றது, மகள் பெயரில் ஒன்றுமில்லை. மூன்று: தந்தையார் காலமானபின், துக்கத்தோடு துக்கமாக, மகள் தன் பெயரிற் காப்புறுதி எடுக்கச் செல்லும்போது, 'உமது பெயரிற் கோரிக்கையில்லாத ஆண்டுகள் எத்தனை?' என்று கேட்பார்கள். அவள் சொல்லத்தக்க விடை 'ஒன்றுமில்லை' என்பதே. பன்னிரண்டாண்டு வளர்ந்த கழிவு அன்றோடு மறைந்துபோகும். மேற்படியில் நின்ற வீடு மறுநாட் கட்டுப்பணம் முழுவதையும் செலுத்தும் வீடாகும்.

இதற்குப் பரிகாரம் உண்டா எனின், உண்டு. ஆனால் அவை யாவும் முன்கூட்டியே செய்யத்தக்கவை.

முதலாவது, மரபுரிமை பற்றிய விதியைக் கேட்டறிதல். இந்தியாவில் காப்புறுதியாளர் இறந்தபின் வண்டி அவருடைய மனைவியிடமோ கணவரிடமோ, பிள்ளைகளிடமோ, பெற்றோரிடமோ சேருமாயின், கழிவும் அவர்களுக்குச் செல்ல விதி இடந்தருகின்றது. நம் நாட்டிலே அத்தகைய சலுகையைத் தம் கம்பனி தருமா என்பதை ஒவ்வொருவரும் வினாவி, விடையை எழுத்திற் பெற்று வைத்தல் வேண்டும். முகவர் வாயாற் சொன்னது போதாது.

இரண்டாவது, பெயர் குறித்த சாரதியின் நிலையைக் கேட்டறிதல். பெரும்பாலும், பத்திரத்திலே மேலதிகச் சாரதியாகப் பெயர் எழுதப்பட்டவருக்குத் தனிக் கழிவு வளர்வதில்லை. பிரித்தானியாவிற் சில கம்பனிகள் அவ்வாண்டுகளையும் எண்ணிக்கொள்கின்றன. ஆயினும் அவர் பின்னர் அதே கம்பனியிற் பத்திரம் எடுத்தாலே அது பயன்படுவது வழக்கம். பிரான்சிலே ஒப்பந்தத்திற் பெயர் குறிக்கப்பட்ட சாரதி பின்னர்த் தன் பெயரிற் காப்புறுதி எடுக்கும்போது, முன்னைய குணகத்தைக் காட்டிப் பயன்பெற வழியுண்டு.

மூன்றாவது, உண்மையாக ஓட்டுபவர் பெயருக்கே வண்டியையும் பத்திரத்தையும் காலத்தோடு மாற்றுதல். அல்லது வீட்டுக்கு இரண்டாவது வண்டி வரும்போது அதனை மகள் பெயரில் எடுத்து, அடிப்படியிலிருந்தே ஏறத் தொடங்குதல். முதலிரண்டு ஆண்டுகளிலே கட்டுப்பணம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சியத்திலிருந்து தொடங்குதற்கு ஏற்ற காலம், வீட்டிலே மற்றொரு கழிவு உயிரோடு இருக்கும் காலமே. இரண்டும் ஒருசேர அற்றபின் தொடங்குதல் வெள்ளம் வந்தபின் அணை கோலுதலை ஒக்கும்.

இரண்டு வண்டியுள்ள வீட்டார் சிந்திக்கவேண்டியது இன்னொன்று. பெருங் கழிவு விலையுயர்ந்த வண்டிக்கு இருத்தல் இலாபம். ஏனெனில் நூற்றுக்கு ஐம்பது என்பது பெருந் தொகையிலே பெரிதாகும். புதிதாக ஓட்டப் பழகும் மகன் கழிவு குறைந்த வண்டியையே எடுத்துச் செல்வது விவேகம். அவன் ஒழுங்கையிலே தூணில் உரசினால், இழக்கப்படுவது இரண்டாண்டுக் கழிவாக இருக்கட்டும். பன்னிரண்டாண்டுக் கழிவாக வேண்டா. ஆனால் அவன் ஓட்டுகின்றான் என்பதைக் கம்பனிக்கு அறிவித்திருத்தல் அவசியம். அதுபற்றி அடுத்துக் கூறுவோம்.

பெயரை மாற்றி எழுதும் தந்திரம்

மகன் இளைஞன், அனுமதிப்பத்திரம் பெற்றுச் சில மாதங்களே ஆயின. அவன் பெயரிற் காப்புறுதி எடுத்தாற் செலவு மிகும். ஆகவே வண்டியைத் தந்தையார் பெயரிலே காப்புறுதி செய்து, 'பெரும்பாலும் ஓட்டுபவர் நானே' என அவரைக் கொண்டு எழுதுவித்து, மகன் நாளும் ஓட்டுதல் என்பது ஒரு தந்திரம். பிரித்தானியாவில் வாழும் நம்மவரிடையிலும் இஃது அறியப்படாததன்று. பலர் இதனைக் குடும்பச் சிக்கனம் எனக் கருதுகின்றனர். சட்டமோ இதனை வஞ்சனை எனக் கருதும்.

காப்புறுதி ஒப்பந்தம் ஏனைய ஒப்பந்தங்களைப் போன்றதன்று; உச்ச நம்பிக்கையின் மேல் நிற்பது. சுமத்திராத் தீவிலிருந்த மார்ல்பரோக் கோட்டையின் காப்புறுதி பற்றி 1766ஆம் ஆண்டில் எழுந்த வழக்கிலே, இங்கிலாந்தின் மான்ஸ்பீல்ட் பிரபு இக்கொள்கையை விளக்கினார். ஆபத்தை மதிப்பிடுதற்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் காப்புறுதி எடுப்பவருக்கே தெரியும். கம்பனி அவர் சொல்லை நம்பியே கட்டுப்பணத்தை நிருணயிக்கின்றது. ஆதலின் அவர் மறைத்தல் ஆகாது என்பது அதன் சாரம். பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டின் சட்டமொன்று பொதுமக்களின் சுமையைச் சிறிது தளர்த்தி, கேட்ட வினாக்களுக்குத் தக்க அவதானத்தோடு உண்மையாக விடையளித்தாற் போதும் என ஆக்கியது. ஆனால் அறிந்தே பொய் கூறியவருக்கு அச்சட்டமும் துணை நில்லாது.

இத்தந்திரம் வெளிப்படும் நாள் விபத்து நாளே. அன்றுதான் கம்பனியார் வினாவத் தொடங்குவர். வண்டி யாரிடம் நாளும் நிற்கின்றது, வேலைக்கு யார் கொண்டுசெல்கிறார் என்பன வெளிவரும். கோரிக்கை மறுக்கப்படலாம், பத்திரம் நீக்கப்படலாம், அங்ஙனம் நீக்கப்பட்ட செய்தியை அதன்பின் எந்தக் கம்பனிக்குச் சென்றாலும் சொல்ல நேரும். சில ஆயிரத்தைச் சேமிக்கப்போய், தந்தையார் அரும்பாடுபட்டுப் பெற்ற கழிவோடு அவருடைய நாணயத்தையும் இழத்தல் எவ்விதக் கணக்குக்கும் ஒவ்வாது. உண்மையாக ஓட்டுபவர் அனைவரையும் அறிவித்தலே கழிவைக் காக்கும் முதல் வழி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வீட்டிலுள்ள அனுமதிப்பத்திரக்காரர் யாவரையும் அறிவிக்குமாறு கம்பனிகள் கேட்பது வழக்கம். ஒருவரால் ஆபத்து மிகும் எனத் தோன்றினால், அவர் வண்டியைத் தொடுவதில்லை என ஒப்பமிட்டு விலக்கிவைக்கும் முறையும் அங்கே உண்டு. அவ்வாறு விலக்கப்பட்டவர் பின்னர் ஓட்டி விபத்து நேர்ந்தால், வரும் இடருக்கு எல்லையில்லை.

கோருவதா, பொறுப்பதா?

சிறிய சேதம் நேர்ந்தபோது கோருவதா, கைப்பணத்தாற் பொறுப்பதா என்பது எளிய பெருக்கற் கணக்கு. முன்னர்க் காட்டிய இந்திய ஏணியையே கொள்வோம். கழிவுக்கு முந்திய கட்டுப்பணம் 100,000 ரூபா என்க. ஐம்பது வீதக் கழிவினால் ஒருவர் 50,000 ரூபா செலுத்தி வருகின்றார். பம்பர் உடைந்தது, திருத்தச் செலவு 40,000 ரூபா. இதில் வண்டிக்காரர் தாமே பொறுக்கவேண்டிய முதற்பங்கு 10,000 ரூபா என்றால், கம்பனி தருவது 30,000 ரூபா.

கோரிக்கைக்குப் பின் அவர் செலுத்தவேண்டியவை முறையே 100,000, 80,000, 75,000, 65,000, 55,000 ரூபா. ஆறாம் ஆண்டிலேதான் அவர் பழைய 50,000 ரூபாவுக்குத் திரும்புவார். ஒவ்வோராண்டும் மிகுதியாகக் கொடுத்தவை 50,000, 30,000, 25,000, 15,000, 5,000. இவற்றின் கூட்டுத்தொகை 125,000 ரூபா. முப்பதாயிரம் பெற்றுக்கொண்டு ஒன்றேகால் இலட்சம் கொடுத்தவராகின்றார்! இதனை அறிந்தவர் பம்பரைத் தம் கைப்பணத்தாலே திருத்திவிடுவர். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கம்பனியின் ஏணியை வைத்து இக்கணக்கை ஒருமுறை செய்து, 'இத்தொகைக்குக் கீழ்ப்பட்ட சேதத்துக்குக் கோருவதில்லை' என்று ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ளலாம்.

பகிர்ந்து ஓட்டும் வீட்டில் இவ்வெல்லையோடு மற்றோர் ஒழுங்கும் வேண்டும். சேதம் விளைத்தவர் ஒருவர், கழிவை இழப்பவர் வேறொருவர் என்றால் மனத்தாங்கல் உண்டாகும். மைத்துனர் இரவலாகக் கொண்டுசென்ற வண்டி கதவு நசுங்கி வந்தால், 'காப்புறுதி இருக்கிறதே' என்று அவர் எளிதாகச் சொல்லிவிடுவார். மேற்கூறிய கணக்கை அவர் அறியார். எல்லைக்குக் கீழ்ப்பட்ட சேதத்தை ஓட்டியவரே பொறுப்பது, அதற்கு மேற்பட்டதைக் கோருவது என வண்டியைக் கொடுக்குமுன் பேசிக்கொள்ளுதல் உறவுக்கும் நல்லது, கழிவுக்கும் நல்லது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கோராமை வேறு, அறிவியாமை வேறு. விபத்து நேர்ந்ததை உடனே அறிவிக்கவேண்டும் என்பது பத்திரங்களின் பொதுவான நிபந்தனை. மறுபக்கத்தார் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தாலும், ஆளுக்குக் காயம் நேர்ந்திருந்தாலும், கழிவை எண்ணி மறைத்தல் பெருந் தவறு. அவ்விடத்தே பொலிசாருக்கும் கம்பனிக்கும் அறிவித்தே ஆகவேண்டும். உயிருக்கும் உடம்புக்கும் நேர்ந்த தீங்கின் ஈட்டைக் கைப்பணத்தால் இறுக்க நம்மிற் பெரும்பாலோர்க்கு இயலாது. கழிவு காக்கப்படுவது குடும்பத்தின் நன்மைக்காக. குடும்பத்தைப் பணயம் வைத்துக் கழிவைக் காத்தல் பேதைமை.

விருந்தாக வந்தவர் கையில் வண்டி

நல்லூர்த் திருவிழாவுக்கும் வல்லிபுர ஆழ்வார் திருவிழாவுக்கும் இலண்டன், பாரிஸ், டொரொன்ரோ முதலிய இடங்களிலிருந்து நம் உறவினர் வருகின்றனர். வீட்டு வண்டியின் திறப்பை அவர்கள் கையிற் கொடுத்தல் அன்பின் அடையாளமாகிவிட்டது. அங்கே இருபதாண்டு ஓட்டியவர்தாமே என்று வீட்டார் எண்ணுவர். ஆனால் வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மாத்திரம் கையிலிருத்தல் இலங்கையில் ஓட்டுதற்குப் போதாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் தற்காலிக அனுமதியோ, இந்நாட்டில் முறைப்படி ஏற்பிக்கப்பட்ட சர்வதேச அனுமதிப்பத்திரமோ வேண்டும். அஃதின்றி ஓட்டி விபத்து நேருமாயின், தகுதியான அனுமதியில்லாதவர் ஓட்டினார் எனக் கம்பனி கோரிக்கையை மறுக்க இடமுண்டு. அப்பொழுது கழிவும் போய், வண்டியும் போய், பிறர்க்குரிய ஈடும் வீட்டார் தலையில் விழும் நிலை வரலாம். விருந்தாளியின் அனுமதியைப் பார்த்தபின் திறப்பைக் கொடுத்தல் மரியாதைக் குறைவு அன்று.

கடிதமே சான்று

ஒரு காலத்தில் இக்கழிவுக்குச் சான்று தேடி அலையவேண்டிய தேவை குறைவாயிருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றியது; 1964 முதற் பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயிற்று. நாடெங்கும் ஒரே நிலையம்; ஆதலின் எல்லார் கணக்கும் ஓரிடத்தே கிடந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் இடங்கொடுக்கப்பட்டது. இன்று கம்பனிகள் பல. மலிவு கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், கழிவுச் சான்றுக் கடிதத்தைப் பழைய கம்பனியிடமிருந்து பெற்றே மாறவேண்டும். அக்கடிதத்திலே காப்புறுதியாளர் பெயர், வண்டி இலக்கம், காப்புறுதி நடைமுறையிலிருந்த காலம், கோரிக்கையில்லாத ஆண்டுகள், கழிவின் வீதம் ஆகிய ஐந்தும் இருத்தல் வேண்டும்.

கழிவு உறங்கிக் கிடக்கும் காலத்துக்கும் எல்லையுண்டு. இந்தியாவிற் பத்திரம் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பியாவிடிற் கழிவு போய்விடும். வண்டியை விற்றுச் சான்றுபெற்று வைத்தவர் மூன்றாண்டுக்குள் புதிய வண்டிக்கு அதனைப் பயன்படுத்தலாம். பிரித்தானியாவிற் பெரும்பாலான கம்பனிகள் ஈராண்டு வரையே ஏற்கும். போர்க்காலத்திலே, 1990க்குப் பிந்திய தடையின்போது, பெற்றோல் இன்மையால் நம்மவர் மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓட்டினர். பல வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடாமலே கொட்டகையிற் கிடந்தன. அக்காலத்திற் காப்புறுதி அறுந்த குடும்பங்கள் பின்னர் அடிப்படியிலிருந்தே தொடங்க நேர்ந்திருக்கலாம். இன்று அத்தகைய இடையூறு இல்லை. புதுப்பிக்கும் நாளை மறத்தல் ஒன்றே இடையூறு.

புலம்பெயரும் பிள்ளைகளும் இச்சான்றைக் கையோடு கொண்டுசெல்லுதல் நன்று. வெளிநாட்டுக் கம்பனிகள் யாவும் இலங்கைச் சான்றை ஏற்கும் எனச் சொல்லமுடியாது. ஆனால் ஏற்கும் கம்பனி ஒன்று அகப்பட்டபோது கடிதம் இல்லையே எனக் கைபிசைதல் வேண்டா.

இக்காலத்தில் இதற்கு இரட்டிப்பு முக்கியம் உண்டாயிற்று. 2020 மார்ச்சு தொடக்கம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலையும் பன்மடங்கு ஏறியது. வண்டியின் மதிப்பு ஏறக் கட்டுப்பணமும் ஏறும். கட்டுப்பணம் ஏற நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிடும் கழிவின் பெறுமதியும் ஏறும். முன்னர்ச் சில்லறையெனக் கருதப்பட்ட தொகை, இன்று ஒரு பிள்ளையின் பல மாதப் படிப்புச் செலவுக்கு ஒப்பாகும்.

முடிவாகச் சில

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகப் பத்திரத்தை எடுத்து, எவர் பெயரில் உள்ளது என்று பாருங்கள். வண்டியை உண்மையாக ஓட்டுபவர் அவரல்லர் என்றால், அதனைக் கம்பனிக்கு அறிவியுங்கள். கோரிக்கை செய்தாற் கழிவு எத்தனை படி இறங்கும், இறந்தாற் பிள்ளைக்குச் சேருமா, மேலதிகச் சாரதிக்கு ஆண்டு எண்ணப்படுமா, காப்புறுதி இடையில் அறுந்தால் எத்தனை காலம் கழிவு நிலைக்கும் என்னும் நான்கு வினாக்களையும் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் வரும் விடையைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் கழிவுச் சான்றின் படியொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். கம்பனியோடு தீராத பிணக்கு நேருமாயின், காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிட வழியுண்டு.

காணி உறுதியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது நம்மவர் வழக்கம். வீட்டு வண்டியின் காப்புறுதிப் பத்திரமோ கார்ப் பெட்டிக்குள் எண்ணெய்க் கறையோடு கிடக்கின்றது. அதனைத் துடைத்தெடுத்து, உறுதிக்குப் பக்கத்தில் வைத்தலும், அதிலுள்ள பெயர் சரியான பெயர்தானா என்பதை வீட்டிலுள்ள எல்லாரும் கூடியிருந்து ஒருமுறை வாசித்தலும் அரைமணி நேர வேலையாகும். அவ்வரைமணி நேரத்தை இவ்வாண்டிலேயே ஒதுக்குதல் நலம்.